டோல்கேட் நெருங்கும்போது ஹேண்டில்பார் ஆடுதா? டூர் கிளம்பும் முன் பைக்கில் என்னென்ன பார்க்கணும்? முழு விளக்கம்

சென்னையிலிருந்து ஏலகிரிக்கு ஒரு பைக் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். பின் சீட்டில் மனைவி, அவருக்குப் பின்னால் டாப் பாக்ஸ், இரண்டு பக்கமும் பைகள். பெங்களூரு நெடுஞ்சாலையில் 90-ல் போகும்போது எந்தப் பிரச்சினையும் இல்லை. பள்ளிகொண்டா சுங்கச்சாவடி நெருங்குகிறது. ஓட்டுபவர் ஆக்சிலரேட்டரை விடுகிறார். ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்க இடது கையை எடுக்கிறார். வேகம் 70-க்கு இறங்கும்போது ஹேண்டில்பார் இடமும் வலமுமாகப் படபடவென ஆடத் தொடங்குகிறது. பதறிப்போய் இரண்டு கையாலும் பிடிக்கிறார். ஆட்டம் நின்றுவிடுகிறது.

'ரோடு சரியில்ல போல' என்று நினைத்துக்கொண்டு அவர் போய்க்கொண்டே இருக்கிறார்.

ஹேண்டில் ஆட்டத்தில் இருக்கும் பெரிய ஆபத்தே இதுதான். கையால் பிடித்தால் நின்றுவிடுகிறது என்பதால் பலரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. உண்மையில் அங்கே ஆட்டத்தை நிறுத்துவது பைக் இல்லை. ஓட்டுபவரின் இரண்டு கைகள்தான். கோளாறு அப்படியே இருக்கிறது. அடுத்த முறை ஒரு பள்ளமோ, பக்கத்தில் கடக்கும் லாரியின் காற்றோ சேர்ந்துகொண்டால் கைகளால் அடக்க முடியாத அளவுக்கு அது பெரிதாகலாம்.

ஹேண்டில்பார் ஏன் ஆடுகிறது? எந்த வேகத்தில் ஆடினால் எங்கே கோளாறு? மெக்கானிக்கிடம் போவதற்கு முன் வீட்டிலேயே எதையெல்லாம் பார்க்கலாம்? விரிவாகப் பார்க்கலாம்.

அதிர்வு வேற, ஆட்டம் வேற

'ஹேண்டில் ஆடுது' என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் நான்கு வெவ்வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன. முதலில் இவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, இன்ஜின் அதிர்வு. கை மரத்துப்போவது, கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி மங்கலாகத் தெரிவது எல்லாம் இந்த வகை. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் ஐந்தாவது கியரில் அதிர்கிறது என்றால், அதே 60-ல் நான்காவது கியருக்கு மாற்றிப் பாருங்கள். அதிர்வு மாறினால் அது இன்ஜின் பக்கத்து விஷயம். கியர் மாற்றியும் அதே வேகத்தில் அதே ஆட்டம் இருந்தால் டயர், சக்கரம், ஸ்டீயரிங் பக்கம் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, பிரேக் பிடிக்கும்போது மட்டும் வரும் உதறல். பிரேக்கை விட்டதும் இது நின்றுவிடும். பெரும்பாலும் முன் டிஸ்க்கை முதலில் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, ஆங்கிலத்தில் வாபிள் எனப்படும் ஹேண்டில் ஆட்டம். ஹேண்டில்பார், ஃபோர்க், முன் சக்கரம் மூன்றும் சேர்ந்து இடமும் வலமுமாக வேகமாக ஆடும். நொடிக்கு சுமார் 4 முதல் 10 முறை வரை இந்த ஆட்டம் இருக்கும்.

நான்காவது, வீவ். இதில் ஹேண்டில் மட்டும் ஆடாது. மொத்த பைக்கும் பாம்பு போல நெளியும். ஆட்டம் மெதுவாக, நொடிக்கு 4 முறைக்கும் குறைவாக இருக்கும். பெரும்பாலும் அதிக வேகத்தில், அதிக லக்கேஜுடன் போகும்போது வரும். பின் டயர், பின் ஷாக் அப்சார்பர், லக்கேஜ் ஆகியவற்றை இதில் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

1971-ல் பிரிட்டனைச் சேர்ந்த பொறியியல் ஆய்வாளர் ராபின் ஷார்ப், மோட்டார்சைக்கிள் ஓடும்போது நிலைகுலையும் விதங்களைக் கணக்குப் போட்டுப் பிரித்துக் காட்டினார். ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுவது, வீவ், வாபிள் என்ற அந்த மூன்று வகைப் பிரிவைத்தான் பைக் வடிவமைப்பில் இன்றும் அடிப்படையாக எடுத்துக்கொள்கிறார்கள்.

60 முதல் 80-க்குள் ஆடுவது ஏன்?

சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியை வேகமாகத் தள்ளினால் அதன் முன் சக்கரம் ஒன்று படபடவென ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். பைக்கின் முன் சக்கரமும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

பைக்கில் ஸ்டீயரிங் திரும்பும் அச்சை ஒரு கோடாக நினைத்து நீட்டினால், அது சாலையைத் தொடும் இடம் டயர் சாலையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் இருக்கும். பல பைக்குகளில் இந்த இடைவெளி சுமார் 10 சென்டிமீட்டர். இந்த இடைவெளிதான் சக்கரம் எந்தப் பக்கம் திரும்பினாலும் அதை நேராக இழுத்து விடுகிறது. கையைத் தளர்த்தினாலும் பைக் நேராகப் போவதற்கு இது முக்கியக் காரணம்.

ஆனால் நேராக இழுக்கப்படும் சக்கரம் நடுவில் நிற்காமல் கொஞ்சம் மறுபக்கம் போகும். மறுபடி இழுக்கப்பட்டு இந்தப் பக்கம் வரும். நல்ல நிலையில் இருக்கும் பைக்கில் இந்த ஊசல் ஒரு நொடிக்குள் அடங்கிவிடும். ஏதோ ஒரு பாகத்தில் தளர்வோ தேய்மானமோ இருந்தால் அடங்காமல் தொடரும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 18 அங்குல முன் சக்கரத்தில் 100/90 அளவு டயர் இருந்தால் அதன் சுற்றளவு சுமார் 2 மீட்டர். 72 கிலோமீட்டர் வேகம் என்றால் பைக் ஒரு நொடிக்கு 20 மீட்டர் ஓடுகிறது. அதாவது சக்கரம் நொடிக்கு 10 முறை சுற்றுகிறது. 60-ல் போகும்போது நொடிக்கு சுமார் 8 முறை.

ஹேண்டில் இயல்பாக ஆடக்கூடிய எண்ணிக்கையும் நொடிக்கு 4 முதல் 10 முறைதான். டயரில் ஒரு இடத்தில் எடை கூடுதலாகவோ தேய்மானமாகவோ இருந்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் அது ஸ்டீயரிங்கை ஒருமுறை தட்டும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தட்டிவிட்டால் அது பெரிதாக ஆடுவதைப் போல, தட்டும் எண்ணிக்கையும் ஆடும் எண்ணிக்கையும் ஒத்துப்போகும்போது ஆட்டம் பெரிதாகிறது.

100-ல் போனால் சக்கரம் நொடிக்கு சுமார் 14 முறை சுற்றும். இரண்டும் ஒத்துப்போவதில்லை, ஆட்டம் மறைந்துவிடுகிறது. 'ஸ்பீடா போனா நல்லாதான் இருக்கு, ஸ்லோ பண்ணாதான் ஆடுது' என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான். வேகம் கூட்டும்போது இந்த எல்லையைச் சட்டெனக் கடந்துவிடுகிறோம். ஆக்சிலரேட்டரை விட்டு மெதுவாக இறங்கும்போது அதே எல்லைக்குள் அதிக நேரம் இருக்கிறோம். அப்போது எடையும் முன்பக்கம் சாய்வதால் ஆட்டம் நன்றாகத் தெரிகிறது.

எப்போது ஆடுது? இதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்

கோளாறைக் கண்டுபிடிக்க முதல் கருவி ஸ்பேனர் இல்லை, செல்போனில் இருக்கும் நோட்ஸ்தான். ஆட்டம் வந்ததும் ஓரமாக நிறுத்தி இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதிவையுங்கள்.

• எந்த வேகத்தில் தொடங்கியது, எந்த வேகத்தில் நின்றது?
• ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போதா, விடும்போதா, பிரேக் பிடிக்கும்போதா?
• இரண்டு கையும் ஹேண்டிலில் இருந்ததா?
• பின்னால் ஆள் இருந்தாரா? லக்கேஜ் எவ்வளவு, எங்கே இருந்தது?
• சாலை எப்படி இருந்தது? புதிதாகத் தார் போடச் சுரண்டி வைத்திருந்த இடமா, பாலமா, நல்ல சாலையா?
• கடைசியாக பைக்கில் என்ன வேலை பார்த்தீர்கள்? டயர் மாற்றியதா, பஞ்சர் போட்டதா, செயின் டைட் செய்ததா, கீழே விழுந்ததா?

கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். புது டயர் போட்ட மறுநாளிலிருந்து ஆடுகிறது என்றால் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: ஆடுகிறதா என்று பார்க்க இரண்டு கையையும் விட்டு ஓட்டிப் பார்க்காதீர்கள். ஆளில்லாத நல்ல சாலையில், தனியாக, இரண்டு கையும் ஹேண்டிலில் இருக்க, பிடியை மட்டும் லேசாகத் தளர்த்தினாலே ஆட்டம் உள்ளங்கையில் தெரிந்துவிடும்.

செலவில்லாத இடத்திலிருந்து தொடங்குங்கள்

ஹேண்டில் ஆடுகிறது என்றதுமே 'கோன் செட் போயிருக்கும்' என்பதுதான் பல இடங்களில் முதல் பதில். அது காரணமாக இருக்கலாம். ஆனால் அதைக் கழற்றுவதற்கு முன், காசில்லாமலும் குறைந்த செலவிலும் பார்க்கக்கூடிய விஷயங்கள் நிறைய இருக்கின்றன. வரிசையாகப் பார்க்கலாம்.

1. டயர் காற்று

பைக்கை ஓட்டாமல் குறைந்தது மூன்று மணி நேரம் விட்டு, டயர் குளிர்ந்த பிறகு காற்றைப் பாருங்கள். ஓட்டிவந்த சூட்டில் பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும். செயின் கவரிலோ ஸ்விங் ஆர்மிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் தனியாகப் போக ஒரு அளவும், பின்னால் ஆள் ஏற்றினால் ஒரு அளவும் இருக்கும். டூருக்கு இரண்டாவது அளவுதான். பங்க்குக்கு பங்க்க் மீட்டர் மாறலாம் என்பதால் சொந்தமாக ஒரு சின்ன கேஜ் வைத்துக்கொள்வது நல்லது.

முன் டயரில் காற்று குறைந்தால் ஆட்டம் கூடும். பின் டயரில் குறைந்தால் பைக் நெளியும்.

2. டயரின் மேற்பரப்பு

உள்ளங்கையை முன் டயரின் மேல் வைத்து, முதலில் ஒரு திசையில் தடவுங்கள். பிறகு எதிர்த்திசையில். ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் ரம்பப் பல் போலவும் தட்டுப்பட்டால் டயர் சமமாகத் தேயவில்லை. பட்டன் ஆழம் நிறைய இருந்தாலும் இந்தத் தேய்மானம் ஒன்றே ஹேண்டிலை ஆட்டப் போதும்.

நெடுஞ்சாலையில் அதிகம் ஓடிய பின் டயர் நடுவில் மட்டும் தட்டையாகிவிடும். பைக்குக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தால் டயர் வட்டமாக இல்லாமல் சதுரமாகத் தெரியும். நேராகப் போகும்போது தெரியாத இந்தக் குறை, சாய்த்துத் திருப்பும்போது பைக்கைத் தடுமாற வைக்கும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2223 என்று இருந்தால் 2023-ஆம் ஆண்டின் 22-வது வாரத்தில் தயாரானது என்று அர்த்தம். 'புதுசு' என்று வாங்கிய டயர் எத்தனை வருடம் கடையில் கிடந்தது என்பது இதில் தெரியும்.

3. டயர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா?

ரிம் ஓரத்தை ஒட்டி டயரில் ஒரு மெல்லிய கோடு சுற்றிலும் ஓடும். ரிம்முக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி எல்லா இடத்திலும் ஒரே அளவு இருக்க வேண்டும். ஓரிடத்தில் கோடு உள்ளே மறைந்தால் டயர் சரியாக உட்காரவில்லை. காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி மறுபடி ஏற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

டயரில் உள்ள அம்புக்குறி சக்கரம் சுற்றும் திசையைக் காட்டுகிறதா என்பதையும் பாருங்கள். அவசரமாகப் பஞ்சர் போடும் இடத்தில் மாற்றிப் போட்டுவிடும் வாய்ப்பு உண்டு.

4. பேலன்சிங்

ரிம்மில் ஒட்டிய சின்ன ஈயத் துண்டுகள் எடையைச் சமப்படுத்த வைத்தவை. ரிம்மில் பசை அடையாளம் மட்டும் சதுரமாக இருந்து, துண்டு இல்லை என்றால் அது எங்கோ விழுந்துவிட்டது. பைக் சக்கரத்துக்கு பேலன்சிங் பார்க்கும் கடையில் கொடுத்துச் சரிசெய்யலாம். பஞ்சர் ஆகாமல் இருக்க டயருக்குள் ஊற்றும் ஜெல்லும் ஒரே இடத்தில் தேங்கி எடையைக் குலைக்கக்கூடும். ஜெல் ஊற்றிய பிறகுதான் ஆட்டம் வந்தது என்றால் அதைக் கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

5. ரிம், ஸ்போக்ஸ், சக்கர பேரிங்

இதற்கு முன் சக்கரம் தரையைத் தொடாமல் தூக்கி நிற்க வேண்டும். சென்டர் ஸ்டாண்டு இருந்தால் பின்பக்கம் ஒருவர் அழுத்திப் பிடிக்கலாம். இல்லாவிட்டால் ஸ்டாண்டு, ஜாக்கி வசதியுள்ள இடத்தில் செய்வதே பாதுகாப்பு. செங்கல் அடுக்கி முயல வேண்டாம்.

ஃபோர்க்கில் ஒரு பென்சிலைக் கட்டி, அதன் முனை ரிம்மை ஏறக்குறையத் தொடுவது போல வைத்துச் சக்கரத்தைச் சுற்றுங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் ரிம் வளைந்திருக்கிறது. ஸ்போக்ஸ் சக்கரம் என்றால் ஒவ்வொரு கம்பியையும் ஸ்க்ரூ டிரைவரால் தட்டிப் பாருங்கள். இறுக்கமான கம்பி 'கிண்' என்று ஒலிக்கும். தளர்ந்த கம்பி சத்தமில்லாமல் 'டப்' என்று கேட்கும்.

பிறகு சக்கரத்தின் மேலேயும் கீழேயும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆட்டம் கையில் பட்டால் சக்கர பேரிங்கைப் பார்க்க வேண்டும்.

6. கோன் செட்

ஹேண்டில் திரும்புவதற்கு ஃபிரேமின் தலைப்பகுதியில் மேலும் கீழும் இருக்கும் பேரிங்குகளைத்தான் இங்கே கோன் செட் என்கிறார்கள். பைக் பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் உள்ளே இருக்கும் குண்டுகள் எப்போதும் ஒரே இடத்தில்தான் இருக்கும். ஒவ்வொரு பள்ளத்தின் அடியும் அதே இடத்தில் விழுந்து விழுந்து அங்கே சின்னக் குழி விழுந்துவிடும்.

சக்கரம் தூக்கியிருக்கும்போதே ஹேண்டிலை ஒரு விரலால் மெதுவாக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்புங்கள். சரியாக நடுவில் வரும்போது 'டக்' என்று ஒரு இடத்தில் உட்கார்ந்தால் குழி விழுந்துவிட்டது. இதை டைட் செய்து சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். கேபிள், பிரேக் குழாய் எதுவும் ஹேண்டிலைப் பிடித்து இழுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சோதனை தப்பாகிவிடும்.

அடுத்து, ஃபோர்க்கின் இரண்டு கால்களையும் அடியில் பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள். ஃபிரேமின் தலையும் கீழ் கிளாம்ப்பும் சேரும் இடத்தில் இன்னொருவர் விரல் வைத்திருக்கட்டும். அந்த விரலில் அசைவு தெரிந்தால் கோன் செட் தளர்வு. அங்கே தெரியாமல் ஃபோர்க் காலிலேயே ஆட்டம் இருந்தால் ஃபோர்க் புஷ் தேய்ந்திருக்கலாம். முன் பிரேக் பிடித்து பைக்கை முன்னே தள்ளும்போது கேட்கும் 'டக் டக்' சத்தம் இந்த இரண்டில் எதிலிருந்தும் வரலாம். அதனால்தான் விரல் வைத்துப் பார்ப்பது அவசியம்.

'நட்டை நல்லா டைட் பண்ணிட்டேன், இனி ஆடாது' என்று சிலர் சொல்வதுண்டு. இது ஆபத்தான குறுக்குவழி. தேவைக்கு மேல் இறுக்கினால் ஆட்டம் மறையும். ஆனால் ஹேண்டில் தானாக நேராக வரும் தன்மையை இழந்துவிடும். பைக் சாலையில் மெதுவாக அலைபாயும். புது பேரிங்கும் சீக்கிரம் கெடும். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது அந்தந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் இருக்கிறது.

7. பின்பக்கமும் பாருங்கள்

ஹேண்டில் ஆடினால் கோளாறு முன்னால்தான் என்று நினைக்க வேண்டாம். பின் சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். ஸ்விங் ஆர்ம் சேர்ந்து ஆடினால் அதன் புஷ் அல்லது பேரிங் தேய்ந்திருக்கிறது. செயின் டைட் செய்த பிறகு ஆட்டம் வந்திருந்தால் இரண்டு பக்கமும் உள்ள அடையாளக் கோடுகள் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டு சக்கரமும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றனவா என்பதை, பின் டயரிலிருந்து முன் டயர் வரை நூல் பிடித்து மெக்கானிக் சொல்லிவிடுவார்.

எப்போதோ ஒருமுறை கீழே விழுந்த பைக் என்றால், நேராகப் போகும்போது ஹேண்டில் லேசாக ஒரு பக்கம் திரும்பி நிற்கிறதா என்று கவனியுங்கள். அப்படியென்றால் ஃபோர்க் முறுக்கிக்கொண்டிருக்கலாம்.

லக்கேஜ் கணக்கு: 14 கிலோ எப்படி 18 கிலோ ஆகிறது?

ஊருக்குள் ஓடும்போது ஆடாத பைக், டூரில் மட்டும் ஆடுகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது டாப் பாக்ஸை.

பின் சக்கரத்தின் அச்சிலிருந்து 40 சென்டிமீட்டர் பின்னால் 14 கிலோ எடையுள்ள டாப் பாக்ஸ் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு சக்கரங்களுக்கும் இடையே 1.4 மீட்டர். சீசா பலகை போலத்தான் இது வேலை செய்யும். பின் சக்கரத்தின் மேல் 14 கிலோ இல்லை, 18 கிலோ ஏறும். முன் சக்கரத்திலிருந்து 4 கிலோ குறையும். பின்னால் ஒருவர் உட்கார்ந்து, பின் ஷாக் அமுங்கினால் முன்பக்கம் இன்னும் லேசாகும். லேசான முன் சக்கரம் சாலையை அழுத்திப் பிடிக்காது. சின்னப் பள்ளத்திலேயே ஆடத் தொடங்கும்.

இதற்குத் தீர்வு எளிது. கனமான பொருள்களை டாப் பாக்ஸிலிருந்து எடுத்து, கீழே பக்கவாட்டுப் பைகளிலோ டேங்க் பையிலோ வையுங்கள். இரண்டு பக்கமும் எடை சமமாக இருக்கட்டும். ஆள் ஏறும்போது பின் ஷாக்கின் ப்ரீலோடை சி ஸ்பேனரால் கூட்டுங்கள். பல பைக்குகளின் டூல் கிட்டிலேயே அந்த ஸ்பேனர் இருக்கும். டாப் பாக்ஸைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பார்த்தாலே காரணம் அதுதானா என்பது தெரிந்துவிடும்.

ஹேண்டிலில் மாட்டியிருக்கும் கை காப்பு, பெரிய விண்ட்ஷீல்டு, கூடுதல் விளக்கு போன்றவையும் எடையையும் காற்றையும் ஸ்டீயரிங் மேல் ஏற்றுகின்றன. புதிதாக மாட்டிய பிறகு ஆட்டம் வந்தால் கழற்றிச் சோதியுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான்

டயரை மாற்றி, கோன் செட்டையும் மாற்றி, பேலன்சிங்கும் செய்து ஒரே நாளில் பைக்கை எடுத்தால் ஆட்டம் போகலாம். ஆனால் காரணம் எது என்று தெரியாது. ஒன்றைச் சரிசெய்து, அதே சாலையில், அதே வேகத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். பல நேரம் காரணம் ஒன்று மட்டும் இருக்காது. லேசாகத் தளர்ந்த கோன் செட் தனியாக ஆட்டம் தராது. சமமாகத் தேயாத டயரும் சேர்ந்தால்தான் ஆடும். அப்போது புது டயர் போட்டதும் ஆட்டம் நின்றுவிடும். கோன் செட் தளர்வு மட்டும் உள்ளே தங்கிவிடும். அந்த டயர் தேயும்போது ஆட்டம் மறுபடி வரும். எனவே ஆட்டம் நின்ற பிறகும் மீதிச் சோதனைகளை முடித்துவிடுவது நல்லது.

ஸ்டீயரிங் டாம்பர் மாட்டினால் போதுமா? சில பைக்குகளில் வடிவமைப்பிலேயே அது தேவைப்படும். 1997-ல் வெளியான சுசூகி டிஎல்1000எஸ் பைக்கில் ஹேண்டில் ஆட்டம் பற்றிப் புகார்கள் வந்தபோது, பிரிட்டனில் அவற்றைத் திரும்ப அழைத்து டாம்பர் பொருத்தினார்கள். ஆனால் டாம்பர் இல்லாமலே இத்தனை நாள் ஆடாமல் ஓடிய உங்கள் பைக் இப்போது ஆடுகிறது என்றால், ஏதோ ஒரு பாகம் தேய்ந்திருக்கிறது என்றுதான் பொருள். அங்கே டாம்பர் மாட்டுவது காய்ச்சலுக்குக் காரணம் தெரியாமல் மாத்திரை போடுவது போலத்தான்.

ஓடும்போது பெரிதாக ஆடினால் என்ன செய்யணும்?

அமெரிக்காவில் பைக் ஓட்டுவோருக்குப் பயிற்சி தரும் மோட்டார்சைக்கிள் சேஃப்டி ஃபவுண்டேஷன் அமைப்பின் கையேடு இதற்குத் தெளிவான வழி சொல்கிறது.

• ஹேண்டிலை உறுதியாகப் பிடியுங்கள். ஆனால் ஆட்டத்தை எதிர்த்து முரட்டுத்தனமாகத் திருப்ப முயல வேண்டாம்.
• ஆக்சிலரேட்டரை மெதுவாகக் குறையுங்கள். சட்டென விட வேண்டாம்.
• பிரேக்கைத் தொட வேண்டாம். பிரேக் பிடித்தால் ஆட்டம் கூடலாம்.
• உடலை முடிந்தவரை முன்னாலும் கீழாகவும் கொண்டுவாருங்கள்.
• வேகம் இறங்கியதும் ஓரமாக நிறுத்திக் காரணத்தைப் பாருங்கள்.

'ஆக்சிலரேட்டரை முறுக்கினா முன்பக்கம் லேசாகி ஆட்டம் நின்னுடும்' என்று பைக் வட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. அப்படி முடுக்கித் தப்பிக்க முயன்றால் பைக் இன்னும் நிலைகுலையும் என்று அதே கையேடு எச்சரிக்கிறது.

பின்னால் உட்காருபவருக்கும் கிளம்பும் முன்பே சொல்லி வையுங்கள். ஆட்டம் வந்தால் பதறி அசையக் கூடாது. ஓட்டுபவரை ஒட்டி, முன்பக்கம் சாய்ந்து அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும்.

வழியிலேயே ஆட்டம் தெரிந்தால் போகலாமா, வேண்டாமா?

ஏலகிரிக்குப் போகும் அந்த பைக்குக்கே வருவோம். சுங்கச்சாவடியைத் தாண்டியதும் ஓரமாக நிறுத்திப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

முன் டயரையும் பின் டயரையும் பாருங்கள். ஆணி ஏறிக் காற்று குறைந்திருக்கிறதா? டயரில் எங்காவது வீக்கம் இருக்கிறதா? முன் ஆக்சில் நட்டு தளர்ந்திருக்கிறதா? ஃபோர்க்கைப் பிடித்து ஆட்டினால் 'டக்' சத்தம் வருகிறதா? லக்கேஜ் ஒரு பக்கம் சரிந்திருக்கிறதா?

காற்றும் லக்கேஜும்தான் காரணம் என்றால் அங்கேயே சரிசெய்துவிட்டு, சிறிது தூரம் மெதுவாக ஓட்டிப் பார்த்துவிட்டுத் தொடரலாம். டயரில் வீக்கம், ஆக்சிலில் தளர்வு, சக்கரத்தில் பக்கவாட்டு ஆட்டம், ஹேண்டிலில் 'டக்' இவற்றில் எது இருந்தாலும் பைக்கை அப்படியே மலை ஏற்ற வேண்டாம். ஏலகிரி பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஏறும்போதாவது வேகம் குறைவு. இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் பிரேக் பிடித்து, முழு எடையையும் அந்த முன் சக்கரத்தின் மேல்தான் போடப் போகிறீர்கள்.

பக்கத்து ஊரில் ஒரு மெக்கானிக்கைப் பார்த்து, செல்போனில் குறித்துவைத்ததைக் காட்டுங்கள். 'ஹேண்டில் ஆடுதுண்ணே' என்று மட்டும் சொன்னால் அவர் கோன் செட்டிலிருந்துதான் தொடங்குவார். '90-ல் ஆடல, ஆக்சிலரேட்டர விட்டா 70-லிருந்து 60 வரைக்கும் ஆடுது, போன வாரம்தான் முன் டயர் மாத்தினேன்' என்று சொல்லிப் பாருங்கள். அவர் கை நேராக முன் டயருக்குப் போகும்.